சோறு இலவசம், முட்டைக்குத்தான் காசு

கேள்வி: எனக்கு வயது 43. திருப்பூரில் பனியன் கம்பெனியில் டெய்லர். மூன்று வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. காலையும் இரவும் மெட்ஃபார்மின், காலையில் கூடவே கிளிமிபிரைடு ஒன்று போடுகிறேன். போன மாதம் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 8.2 வந்தது. மாவுச்சத்தைக் குறைத்தால் சர்க்கரை இறங்கும் என்று செல்போனில் பார்த்துவிட்டு, பாதாம், பன்னீர், வெண்ணெய், பட்டர் ஃப்ரூட் என்று ஒரே வாரத்தில் 1,900 ரூபாய் செலவழித்துவிட்டேன். எங்கள் வீட்டில் நாலு பேருக்குக் காய், முட்டை, கறி, பால் எல்லாம் சேர்த்தே வாரத்துக்கு 1,500 ரூபாய்தான். இரண்டாம் நாள் 11 மணி இருக்கும், மிஷினில் உட்கார்ந்திருந்தபோது கை நடுங்கி வேர்த்துக் கொட்டியது. ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. உடம்பு புது உணவுக்குப் பழகும்போது அப்படித்தான் இருக்கும் என்றார்கள். ஐந்தாம் நாள் விட்டுவிட்டேன். வீட்டுக்காரர், கல்லூரி போகும் பையன், 70 வயது மாமியார் மூவருக்கும் சோறு இல்லாமல் ஆகாது. எனக்கென்று தனியாகச் சமைக்க நேரமும் இல்லை, காசும் இல்லை. எங்களைப் போன்றவர்களுக்கு இது ஒத்துவருமா?

பதில்: அன்புச் சகோதரிக்கு, ஒத்துவரும். ஆனால் காசுக் கணக்குக்குப் போகும் முன் அந்த 11 மணி நடுக்கத்தைப் பேசிவிடுவோம்.

அது உடம்பு பழகுவது அல்ல. நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறிகளைப் பார்த்தால் சர்க்கரை தாழ்ந்துபோனது போலத்தான் தெரிகிறது. கிளிமிபிரைடு கணையத்தைத் தட்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் மாத்திரை. நீங்கள் இட்லி சாப்பிட்டீர்களா, பாதாம் சாப்பிட்டீர்களா என்பது அதற்குத் தெரியாது. ஐந்து இட்லிக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு இட்லியை மட்டும் நிறுத்தினால் 11 மணிக்குக் கை நடுங்கத்தான் செய்யும். மெட்ஃபார்மின் மட்டும் போடுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை அரிது. ஆகவே மறுபடி தொடங்கும் முன் உங்களுக்கு மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டரிடம் போங்கள். அது ஆரம்ப சுகாதார நிலையமாக இருந்தாலும் சரி. ‘சோற்றையும் இட்லியையும் பாதியாகக் குறைக்கப் போகிறேன், கிளிமிபிரைடு அளவை என்ன செய்யலாம்?’ என்று நேராகக் கேளுங்கள். நடுங்கியதையும் சொல்லுங்கள். நீங்களாக எந்த மாத்திரையையும் நிறுத்த வேண்டாம். கிரியாட்டினின் (சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனை) பார்த்து ஒரு வருடம் ஆகியிருந்தால் அதையும் பார்த்துவிடுங்கள். சிறுநீரகத்தில் குறை இருந்தால் நான் கீழே சொல்லும் முட்டை, பயறு அளவுகள் மாறும்.

டிபன் பையில் ஒரு சின்னப் பொட்டலம் சர்க்கரை எப்போதும் கிடக்கட்டும். மறுபடி நடுக்கம் வந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் இன்னொரு தடவை. தெளிந்ததும் ஏதாவது சாப்பிடுங்கள். அந்த நேரத்தில் பாதாமும் உதவாது, சாக்லேட்டும் உதவாது. கொழுப்பு கூட இருந்தால் சர்க்கரை ரத்தத்தில் ஏற நேரமாகும்.

(இதைப் படிக்கும் வேறு யாராவது இன்சுலின் போடுகிறவராக இருந்தால் அவர்களுக்கும் இதே எச்சரிக்கைதான். டபாகுளிஃப்ளோசின், எம்பாகுளிஃப்ளோசின் வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ஆபத்து வேறு மாதிரி. மாவுச்சத்தை ஒரேயடியாக நிறுத்தினால் மீட்டரில் சர்க்கரை பெரிதாக ஏறாமலேயே ரத்தத்தில் கீட்டோன் அமிலம் கூடி ஆஸ்பத்திரியில் சேரும்படி ஆகலாம். டாக்டரைக் கேட்காமல் தொடங்கவே கூடாது.)

சரி, இப்போது காசு.

சோற்றைக் குறைத்தால் செலவும் குறைய வேண்டும், ஏன் ஏறுகிறது என்று பலரும் கேட்கிறார்கள். காரணம் எளிது. தமிழ்நாட்டில் 2011-லிருந்து ரேஷன் அரிசி இலவசம். நீங்கள் தட்டிலிருந்து எடுக்கும் சோற்றால் மிச்சமாவது பூஜ்யம். அந்த இடத்தில் வைக்கும் ஒவ்வொன்றுக்கும் காசு கொடுக்க வேண்டும். அதனால் ‘டயட் என்றால் சிக்கனம்’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கொஞ்சம் கூடத்தான் ஆகும். ஆனால் எவ்வளவு கூட என்பது எதை வாங்குகிறோம் என்பதைப் பொறுத்தது.

உங்கள் 1,900 ரூபாயில் பாதாம் எவ்வளவு தின்றிருக்கும் என்று பார்ப்போம். பேலியோ எனும் கற்கால உணவு டயட்டில் வரும் காலைக்கு நூறு பாதாம் என்ற கணக்கு இங்கே ரொம்பப் பிரபலம். நீங்களும் அதைத்தான் பார்த்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நூறு பாதாமை எங்கள் வீட்டுத் தராசில் வைத்துப் பார்த்தேன். ஏறக்குறைய 120 கிராம். கிலோ 900 ரூபாய் என்றால் ஒருவரின் ஒரு வேளைக்கு 108 ரூபாய். அரைக் கிலோ பாக்கெட் நாலு நாளில் காலி. அதே 120 கிராம் நிலக்கடலைப் பருப்பு 17 ரூபாய்க்குள் முடிந்துவிடும், புரதம் அதில் கொஞ்சம் கூடவே இருக்கும். கடலை பயறு வகை, சாப்பிடக் கூடாது என்று அந்த டயட்காரர்கள் சொல்வார்கள். கற்காலத்தில் கடலை இல்லை என்பது அவர்கள் வாதம். கற்காலத்தில் கிளிமிபிரைடும்தான் இல்லை. பித்தம், கொழுப்பு என்று கடலையைத் தள்ளுகிறவர்களும் உண்டு. நீங்கள் 120 கிராம் சாப்பிட வேண்டியதில்லை. ஒரு கைப்பிடி, 40 கிராம், வறுத்தோ அவித்தோ போதும். பத்து கிராம் புரதம், ஆறேழு கிராம் மாவுச்சத்து, செலவு ஆறு ரூபாய்.

அடுத்து, எவ்வளவு குறைக்க வேண்டும்? நாளுக்கு 130 கிராமுக்குக் கீழே மாவுச்சத்து இருந்தால் அதைக் குறைவு என்று பொதுவாகக் கணக்கு வைக்கிறார்கள். இருபது, முப்பது கிராமுக்கு இறங்குவது கீட்டோ. அது உங்களுக்கு வேண்டாம். மாத்திரையும் மிஷின் வேலையும் இருக்கும்போது அந்தப் பக்கம் போகவே வேண்டாம். நம் வீடுகளில் காலை ஐந்து இட்லி, மத்தியானம் தட்டு நிறையச் சோறு, இரவு நாலு தோசை, நடுவில் மூன்று டீ என்றால் 280-ஐத் தாண்டிவிடும். அதைப் பாதியாக்கினாலே மீட்டரில் தெரியும்.

காசே செலவில்லாமல் குறைவது டீ. கம்பெனியில் ஒரு டீக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்று வைத்தாலும் மூன்று டீக்கு 30 கிராம். அது ஒரு சின்னக் கப் சோற்றுக்குச் சமம். சர்க்கரை இல்லாத டீ முதல் பத்து நாள் கஷாயம் மாதிரித்தான் இருக்கும், பொய் சொல்ல மாட்டேன். டீக்கடைக்காரரிடம் முதலில் அரைச் சர்க்கரை சொல்லுங்கள், அடுத்த வாரம் இல்லாமலே சொல்லுங்கள். டீயோடு வரும் பன்னும் போண்டாவும் நின்றால் நாளுக்கு 20 ரூபாய் கையில் நிற்கும். இந்த 20 ரூபாயை மறந்துவிடாதீர்கள், பின்னால் கணக்கில் வரும்.

தனியாகச் சமைக்க நேரம் இல்லை என்கிறீர்கள். வேண்டவே வேண்டாம். தனியாகச் சமைத்த யாரும் என் அனுபவத்தில் ஆறு வாரம் தாண்டியதில்லை. வீட்டில் எல்லோருக்கும் ஆகும் அதே குழம்பு, அதே பொரியல், அதே மாவு. உங்கள் தட்டில் அளவுகள் மட்டும் இடம் மாறும். சோறு மலை, பொரியல் ஓரத்தில் ஒரு கரண்டி என்று பழகிய தட்டில் பொரியல் பாதித் தட்டை எடுத்துக்கொள்ளும், சோறு ஓரத்துக்குப் போகும்.

சோற்றை அளக்க ஒரு சின்னக் காபி டம்ளரை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 150 மில்லி பிடிக்கிறது. அதில் தலை தட்டிய சோறு ஏறக்குறைய 100 கிராம் வரும், மாவுச்சத்து 28 கிராம். மத்தியானத்துக்கு அந்த ஒரு டம்ளர். சாம்பாரைக் கலக்காமல் அடியிலிருந்து மொண்டு ஊற்றிக்கொள்ளுங்கள். பருப்பும் காயும் அங்கேதான் இருக்கின்றன. சோற்றைப் பிசைந்து சாப்பிடுகிறவர்களுக்கு மேலே நிற்கும் தண்ணிச் சாம்பாரே போதும், அவர்கள் குறை சொல்ல மாட்டார்கள். ரேஷனில் 30 ரூபாய்க்குப் போடும் துவரம்பருப்பு ஒரு மாதமும் தவறாமல் வாங்கிவிடுங்கள். முன்பு ஒரு கைப்பிடி போட்ட இடத்தில் ஒன்றரைக் கைப்பிடி போடலாம். பருப்பிலும் மாவுச்சத்து உண்டு, இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. ஆனால் புரதமும் நாரும் சேர்ந்து வருவதால் சோறு ஏற்றுகிற வேகத்தில் அது சர்க்கரையை ஏற்றாது.

இப்போது ஒரு கேள்வி. உங்கள் வீட்டில் நீங்கள் கடைசியாகத்தானே சாப்பிடுகிறீர்கள்?

இதை என்னிடம் வரும் பெண்கள் எல்லோரிடமும் கேட்பேன். பெரும்பாலும் ஒரு சிரிப்புதான் பதில். பையனுக்கு டப்பா கட்டி, வீட்டுக்காரருக்குப் பரிமாறி, மாமியாருக்குக் குழைய வைத்துக் கொடுத்துவிட்டு உட்காரும்போது வாணலியில் பொரியல் ஒட்டிக்கொண்டு கிடக்கும். முட்டை தீர்ந்திருக்கும். சோறு மட்டும் தாராளமாக இருக்கும், ரசமும் இருக்கும். ஒரு பெண்மணி மூன்று மாதம் உணவு அட்டவணையை அப்படியே கடைப்பிடித்தேன் என்று சொன்னார், சர்க்கரை மட்டும் அசையவே இல்லை. ஒரு நாள் இரவுத் தட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். மீந்த சோறு, அதன் மேல் மோர், ஓரத்தில் ஊறுகாய். கீரை செய்தேனே மேடம், தீர்ந்துபோச்சு என்றார்.

அதனால் என் ஆலோசனையில் இதுதான் முக்கியம். சமைத்து இறக்கியதும், யாருக்கும் பரிமாறும் முன், உங்கள் பங்குக் காயையும் முட்டையையும் ஒரு கிண்ணத்தில் எடுத்து மூடி வையுங்கள். மாத்திரையை எடுத்து வைப்பது போலத்தான் இதுவும், சுயநலம் ஒன்றும் இல்லை. கூடவே, உலையில் போடும் அரிசியைக் குறையுங்கள். பானையில் மீந்த சோற்றைக் கொட்ட மனசு வராது, அது கடைசியில் உங்கள் வயிற்றுக்குத்தான் போகும். பழைய சோற்றில் சர்க்கரை ஏறாது என்று ஒரு பேச்சு இருக்கிறது. ஆறிய சோற்றில் செரிக்காத மாவு கொஞ்சம் கூடுவது உண்மைதான், ஆனால் அதை நம்பி ஒரு சட்டி குடிக்கிற அளவுக்கு இல்லை.

சிறுதானியத்துக்கு மாறிவிடட்டுமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பக்கத்து மிஷின்காரர் சொல்லுவார். ராகியிலும் கம்பிலும் நாரும் சத்தும் அரிசியைவிடக் கூட. மாவுச்சத்து மட்டும் பெரிதாகக் குறைவில்லை. நூறு கிராம் அரிசியில் 78 கிராம் என்றால் ராகியில் 67 பக்கம். ஒரு பெரிய களி உருண்டை உங்கள் அரைநாள் கணக்கைத் தின்றுவிடும். சென்னை ஆய்வாளர்கள் முன்னின்று நடத்திய, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) நாடு தழுவிய ஆய்வின் ஒரு பகுதி 2025-இல் வந்தது. இந்தியர்கள் சாப்பிடும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்றும், மொத்த அளவைக் குறைக்காமல் அரிசிக்குப் பதில் கோதுமையோ சிறுதானியமோ என்று மாற்றிக்கொள்வதில் சர்க்கரை நோய் அபாயம் குறைவதாகத் தெரியவில்லை என்றும் அது சொன்னது. அந்த இடத்தைப் பருப்பு, பயறு, பால் புரதம் பிடித்தபோது அபாயம் குறைவாகத் தெரிந்தது. சப்பாத்திக்கு மாறிவிட்டேன் என்று நாலு சப்பாத்தி சாப்பிடுகிறவர்களுக்கும் சேர்த்துத்தான் இது.

ஒரு நாளைப் போட்டுப் பார்ப்போம். காலையில் எல்லோருக்கும் தோசை என்றால் உங்களுக்கு ஒன்று, அதன் மேல் இரண்டு முட்டை ஊற்றி வெங்காயம் தூவியது. தேங்காய்ச் சட்னியோ கடலைச் சட்னியோ தாராளமாக. எல்லாம் சேர்த்து மாவுச்சத்து 28 கிராம். 11 மணிக்கு சர்க்கரை இல்லாத டீ, கைப்பிடி கடலை, 10 கிராம். மத்தியான டப்பாவில் மேலே சொன்ன டம்ளர் சோறு, அடிச் சாம்பார், இரண்டு வகைக் காய், ஒரு கிண்ணம் தயிர், 58 கிராம். நாலு மணி டீ மூன்று கிராம். இரவு ஊறவைத்து அரைத்த பச்சைப்பயறு அடை இரண்டு, கீரைக் கூட்டு, 30 கிராம். மொத்தம் 129.

பச்சைப்பயறு அடைக்குப் பயற்றைக் காலையில் வேலைக்குப் போகும்போது ஊறப்போட்டால் இரவு வந்ததும் மிக்சியில் ஒரு சுற்று. இஞ்சி, பச்சை மிளகாய், கொத்தமல்லி போதும், புளிக்க வைக்க வேண்டியதில்லை. அரிசி ஒரு மணி கூடச் சேர்க்காதீர்கள். மெல்லிசாக ஊற்றினால் முறுகி வரும். பையன் அதைப் பிடித்துக்கொண்டால் உங்கள் பங்கு போய்விடும், அதனால் முதல் இரண்டு அடையை உங்கள் கிண்ணத்தில் போட்டுவிட்டு மற்றவர்களுக்குச் சுடுங்கள். வாரத்தில் இரண்டு நாள் அதே இடத்தில் நம் ஊர்க் கொள்ளுப் பருப்புக் கடைசலும் காயும் வரலாம்.

இதற்கு ஆகும் கூடுதல் காசு, எங்கள் பக்கத்து விலையில்: முட்டை இரண்டு 13 ரூபாய், கடலை 6, கூடுதல் காய் கால் கிலோவுக்குக் குறைவாக 10, வீட்டில் உறை ஊற்றிய தயிர் 7, பயறு 7. ஆக 43 ரூபாய். போண்டாவில் நின்ற 20-ஐக் கழித்தால் 23. வாரத்துக்கு 160 ரூபாய். உங்கள் ஊரில் பத்து இருபது முன்னே பின்னே இருக்கும். 160 எங்கிருந்து வரும்? பையனுக்கு என்று பாலில் கலக்கும் ஊட்டச்சத்து பவுடர் ஏதாவது வாங்குகிறீர்கள் என்றால் அதை நிறுத்துங்கள். பெரும்பாலானவற்றில் சர்க்கரையும் மாவும்தான் அதிகம். அவனுக்கும் ஒரு முட்டையைப் போட்டுவிடலாம்.

காய் வாங்குவதில் ஒரே ஒரு விதி. அந்த வாரம் எது மலிந்து கிடக்கிறதோ அது. முட்டைக்கோஸ், முள்ளங்கி, சுரைக்காய், புடலை, பீர்க்கன், கத்தரி, வெண்டை, கோவைக்காய், வெள்ளைப் பூசணி எல்லாமே உங்களுக்கு ஆகும். உருளை, சேனை, சேப்பங்கிழங்கு, மரவள்ளி, வாழைக்காய் ஆகியவை சோற்றின் கணக்கில் சேரும், காயின் கணக்கில் அல்ல. தென்னம்பாளையம் உழவர் சந்தை உங்களுக்குப் பக்கம் என்றால் ஞாயிறு காலை ஒரு நடை போய் வாருங்கள். முருங்கைக் கீரையை யாராவது காசு கொடுத்து வாங்குவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். தெருவில் மரம் வைத்திருப்பவரிடம் கேட்டால் ஒடித்துக்கொள்ளச் சொல்லுவார். வாழைத்தண்டு நறுக்க நேரமாகும், அதை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிறு கறி எடுக்கிற வழக்கம் இருந்தால் மட்டனுக்குப் பதில் கோழி. கோழி ஈரலும் இரைப்பையும் விலை குறைவு, சத்து கூட. மத்தி மீன் மலிவாக வந்த அன்று விடாதீர்கள். கருவாடு ருசிதான், உப்பு மிக அதிகம். ரத்த அழுத்தம் இருந்தால் வேண்டாம். புரட்டாசியில் முட்டை, கறி இரண்டும் நின்றுவிடும். அந்த மாதம் மீல் மேக்கர். உலர்ந்த 50 கிராமில் 25 கிராம் புரதம், செலவு ஏழெட்டு ரூபாய். வெந்நீரில் ஊறவைத்து நன்றாகப் பிழிந்துவிட்டு, ஈரல் வறுவலுக்குப் போடும் அதே மிளகும் சோம்பும் போட்டு வதக்கினால் அந்தச் சோயா வாடை தெரியாது. எண்ணெய்க்கு ஆலிவ் வேண்டாம், கடலை எண்ணெய் போதும்.

முதல் இரண்டு வாரம் மலச்சிக்கல் வரலாம். சோற்றோடு போன தண்ணீரும் குறைந்திருக்கும், அதனால் தண்ணீரும் மோரும் கூட்டிக்கொள்ளுங்கள். கம்பெனியில் பாத்ரூம் போக யோசித்துத் தண்ணீர் குடிக்காமல் இருக்கிற பழக்கம் உங்களுக்கும் இருக்கும் என்று தெரியும். அதை விட்டாக வேண்டும்.

மீட்டர் ஸ்ட்ரிப் விலை அதிகம், தினமும் குத்த வேண்டியதில்லை. சாதாரணமாகச் சாப்பிடும் ஒரு நாளில் மத்தியானச் சாப்பாடு தொடங்கி இரண்டு மணி நேரம் கழித்து ஒன்று, புதுத் தட்டுக்கு மாறிய இரண்டாம் வாரத்தில் அதே நேரத்தில் ஒன்று. இரண்டு எண்ணையும் காலண்டரில் எழுதி வையுங்கள். நடுக்கம் வந்தால் மட்டும் கணக்குப் பார்க்காமல் உடனே குத்திப் பாருங்கள், 70-க்குக் கீழே என்றால் டாக்டருக்குத் தெரிய வேண்டும். மூன்று மாதச் சராசரியை மூன்று மாதம் கழித்துத்தான் பார்க்க வேண்டும், முந்திப் பார்த்து மனசு ஒடிய வேண்டாம்.

மிச்சமிருக்கும் பாதாமைத் தூக்கிப் போடாதீர்கள். நாளைக்குப் பத்து என்று கடலையோடு கலந்து தீர்த்துவிடுங்கள். டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த மறுநாள் காலையில், உலையில் எப்போதும் எத்தனை டம்ளர் அரிசி போடுவீர்களோ அதில் முக்கால் டம்ளர் குறைத்துப் போடுங்கள். மாமியார் கேட்டால், குறைந்தது உங்கள் பங்குதான், அவர் பங்கு அல்ல என்று சொல்லுங்கள்.